அக்கரையில் வளையமிட்ட சலீம் அலி

ஐப்பசி பிறந்து, வாடைக்காற்று இன்னும் உறுதியாக வீசத் தொடங்காத நாட்களில், யாழ்ப்பாணக் குடாநாட்டின் வீட்டு வளவுகளில் ஆறுமணிக் குருவி வந்து இறங்கும். பச்சை முதுகும் செம்மஞ்சள் வயிறும் கண்ணை ஊடறுத்துச் செல்லும் கரும்பட்டையும் கட்டை வாலும் கொண்ட இப்பறவை, காலையும் மாலையும் ஆறு மணியை அண்டிய வேளைகளில் சீழ்க்கையொலி எழுப்புவதால் இப்பெயர் பெற்றது. இரவோடிரவாகக் கடலைக் கடந்து வந்த களைப்பில் சில வேளைகளில் விறாந்தையிலும் விழுந்து கிடக்கும். களைப்பு நீங்கியதும் தெற்கே காடுகளை நோக்கிப் போய்விடும். அது எங்கிருந்து வருகிறது என்று கேட்டால், வடக்கேயிருந்து என்று நம் மூத்தோர் விடை சொல்வார்கள். விடை சரிதான். ஆனால் வடக்கே எந்த ஊரிலிருந்து, எந்த வழியாக, சென்ற ஆண்டு வந்த அதே பறவைதான் இவ்வாண்டும் வந்ததா என்ற கேள்விகளுக்கு அந்த விடை போதாது. பறவையைப் பிடித்து, அதன் காலில் ஓர் எண்ணை மாட்டி, மீண்டும் பறக்கவிட்டு, ஆண்டுக்கணக்கில் காத்திருந்தால்தான் அவற்றுக்கு விடை காண முடியும். இந்தியத் துணைக்கண்டத்தில் அந்தக் காத்திருப்பை ஓர் ஒழுங்கான அறிவுத்துறையாக நிலைநாட்டியவர் சலீம் அலி.

அவருடைய வளையமிடும் பணியின் முக்கிய நிலையங்களுள் ஒன்று நமக்கு மிக அருகில் உள்ளது. குடாநாட்டின் வடகரைக்கு எதிரே, பாக்கு நீரிணையின் மறுபுறத்தில், ஏறத்தாழ 55 கிலோமீற்றர் தொலைவில் இருக்கும் கோடியக்கரையே அது. வடக்கேயிருந்து தெற்கு நோக்கி வரும் சோழமண்டலக் கரை அவ்விடத்தில் மேற்கே திரும்பிவிடுகிறது. கரையோரமாக வரும் பறவைகளுக்கு அதற்கப்பால் நிலமில்லை. கடலைக் கடப்பதற்கு முன் அங்கே தங்கி இரை தேடுகின்றன. சில அங்கேயே குளிர்காலத்தைக் கழிக்கின்றன. பாலையும் உகாவும் வளரும் வறள் காடு ஒருபுறம், வேதாரணியத்தின் சேற்று நிலமும் உப்பளங்களும் மறுபுறம். பாலைப்பழம் தின்று வளர்ந்த வன்னி மக்களுக்கு அக்காடு அந்நியமாகத் தோன்றாது. அக்கரைக்கும் வல்வெட்டித்துறைக்கும் இடையே வள்ளங்கள் சென்று வந்த காலத்தை நினைவில் வைத்திருப்போர் இன்றும் நம்மிடையே உள்ளனர்.

சலீம் அலி 1896 நவம்பர் 12 ஆம் திகதி பம்பாயில், சுலைமானி போரா முஸ்லிம் குடும்பமொன்றில் கடைசிப் பிள்ளையாகப் பிறந்தார். ஒரு வயதில் தந்தையையும் மூன்று வயதில் தாயையும் இழந்தார். தாய்மாமன் அமிருதீன் தியாப்ஜியும் பிள்ளைகளற்ற அவருடைய மனைவி ஹமீதா பேகமும், பெற்றோரை இழந்த அப்பிள்ளைகளைத் தம் பிள்ளைகளாகவே வளர்த்தனர். இந்திய விடுதலைப் போராட்டத்தில் புகழ்பெற்ற அப்பாஸ் தியாப்ஜி அக்குடும்பத்தின் இன்னொரு மாமன். கல்வியும் பொதுவாழ்வும் வேட்டையும் கலந்த வீடு அது. அக்காலத்து வசதியுள்ள வீட்டுச் சிறுவர் பலரையும் போலவே சலீம் அலியின் கையிலும் ஒரு காற்றுத் துப்பாக்கி இருந்தது. பெரிய வேட்டைக்காரனாக வேண்டுமென்பதே அவருடைய கனவு.

பத்து வயதளவில் அவர் சுட்டு வீழ்த்திய ஒரு சிட்டுக்குருவியே அவர் வாழ்வைத் திசை திருப்பியது. வழக்கமான குருவிகளைப் போலன்றி அதன் தொண்டையில் மஞ்சள் தீற்றல் ஒன்று இருந்தது. அறியாத பறவை, எனவே முஸ்லிம் வீட்டில் அதை உண்ணலாமா என்ற ஐயம் எழுந்தது. ஹலாலா என்று கேட்டுத்தான் சிறுவன் மாமனிடம் போனான். வேட்டையில் பழக்கமுள்ள மாமனுக்கும் அது என்ன பறவையென்று தெரியவில்லை. பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கத்தின் செயலாளராயிருந்த மில்லார்ட் என்ற ஆங்கிலேயரிடம் கடிதம் கொடுத்து அனுப்பினார். மில்லார்ட் பறவையின் பெயரைச் சொன்னதோடு நிற்கவில்லை. பாடம் செய்து வைத்திருந்த பறவைகளின் பெட்டிகளை ஒவ்வொன்றாகத் திறந்து காட்டினார். படிக்க நூல்கள் கொடுத்தார். பறவைத் தோலைப் பதப்படுத்தவும் குறிப்பெழுதவும் பழக்க ஏற்பாடு செய்தார். வெள்ளையரின் அலுவலகத்துக்குள் நடுங்கிக்கொண்டு நுழைந்த ஓர் இந்தியச் சிறுவனை அவர் அவ்வாறு நடத்தியிராவிட்டால் இந்தக் கட்டுரைக்கு வேலையே இருந்திராது. 1985 இல் வெளிவந்த தம் சுயசரிதைக்கு அந்தக் குருவியின் வீழ்ச்சியையே சலீம் அலி பெயராக வைத்தார்.

படிப்பில் அவர் சிறக்கவில்லை. பம்பாய் புனித சவேரியார் கல்லூரியில் தொடங்கிய படிப்பை இடையில் விட்டு, குடும்பத்தின் சுரங்க, மரத் தொழிலைக் கவனிக்கப் பர்மாவின் தவோய்ப் பகுதிக்குச் சென்றார். தொழிலைவிடக் காடே அவரை ஈர்த்தது. 1917 இல் திரும்பி வந்து வணிகக் கல்வியும் விலங்கியலும் ஒருங்கே பயின்றார். மறு ஆண்டு தெஹ்மினாவை மணந்தார். பல்கலைக்கழகப் பட்டம் மட்டும் கைகூடவில்லை. அதனால் இந்திய விலங்கியல் ஆய்வகத்தில் பறவையியலாளர் பதவி கிட்டவில்லை. 1926 இல் பம்பாய் அருங்காட்சியகத்தின் இயற்கை வரலாற்றுப் பிரிவில், வருவோருக்குக் காட்சிப் பொருட்களை விளக்கும் வேலை ஒன்று கிடைத்தது. சான்றிதழை மட்டும் பார்த்து ஆளைத் தேரும் வழக்கம் நம் நாட்டிலும் இருக்கிறதாகையால் இதைச் சற்று அழுத்திச் சொல்ல வேண்டியுள்ளது. பிற்காலத்தில் அலிகார் முஸ்லிம் பல்கலைக்கழகமும் டில்லி, ஆந்திரப் பல்கலைக்கழகங்களும் கௌரவக் கலாநிதிப் பட்டம் வழங்கின. படித்துப் பெற்ற பட்டம் ஒன்றுகூட அவரிடம் இருக்கவில்லை.

1928 இல் விடுப்புப் பெற்று ஜேர்மனிக்குச் சென்றது அவருடைய இரண்டாவது திருப்பம். பேர்லின் அருங்காட்சியகத்தில் எர்வின் ஸ்ட்ரேஸெமன் என்ற பேராசிரியரின் கீழ்ப் பயிலும் வாய்ப்புக் கிடைத்தது. தாம் வாழ்நாள் முழுவதும் குருவாக மதித்தவர் அவரே. வடகடலில் தனித்து நிற்கும் ஹெலிகோலாந்துத் தீவின் பறவை ஆய்வு நிலையத்துக்கும் சலீம் அலி சென்றார். கடல் கடக்கும் பறவைகள் களைத்து இறங்கும் சிறு தீவு அது. பிடித்து, வளையமிட்டு, விடுவதை அங்குதான் அவர் நேரில் பழகினார். அக்கலைக்கு அப்போது வயது முப்பதுகூட ஆகவில்லை. 1899 இல் டென்மார்க்கில் மோர்ட்டன்சன் என்ற பள்ளி ஆசிரியர், எண்ணும் முகவரியும் பொறித்த அலுமினிய வளையங்களைக் கபிலக் குருவியினமான ஸ்டார்லிங் பறவைகளின் கால்களில் மாட்டியதே அதன் தொடக்கம். அதற்கு முன் பறவையின் பயணத்தைப் பற்றி மனிதர் பேசியதெல்லாம் இனத்தைப் பற்றிய பேச்சு. வளையம் வந்த பிறகுதான் ஒரு தனிப் பறவையின் வரலாறு என்ற ஒன்று உண்டாயிற்று.

ஊர் திரும்பியபோது அருங்காட்சியகப் பதவி பணமின்மையால் நீக்கப்பட்டிருந்தது. வாடகை கொடுக்க இயலாத நிலையில் பம்பாய்க்குத் தெற்கே கிஹீம் என்ற கடலோரக் கிராமத்தில் தெஹ்மினாவின் குடும்பத்துக்குச் சொந்தமான வீட்டில் இருவரும் குடியேறினர். வீட்டுக்கருகே மரத்தில் தூக்கணாங்குருவிகள் கூடு கட்டியிருந்தன. வேலையற்றவருக்கு நேரத்துக்குப் பஞ்சமில்லை, நாட்கணக்கில் பார்த்துக்கொண்டிருந்தார். ஆண் குருவி பாதிக் கூடு கட்டிப் பெண்ணுக்குக் காட்டுவதும், பெண் ஏற்றுக்கொண்ட பின்னரே முடிப்பதும், பின் அடுத்த கூட்டைத் தொடங்கி அடுத்த பெண்ணை எதிர்பார்ப்பதும் அப்போதுதான் ஒழுங்காகப் பதிவாயின. நம் பனைகளில் தொங்கும் அதே கூடுகள்தாம். அந்த ஒரு கட்டுரை அவரைப் பறவையியல் உலகுக்கு அறிமுகப்படுத்தியது.

பின்னர் வந்த ஆண்டுகளில் ஹைதராபாத், திருவிதாங்கூர், கொச்சி, குவாலியர், இந்தூர், போபால் எனச் சமஸ்தானங்கள் தோறும் பறவைக் கணக்கெடுத்தார். அரசர்கள் செலவுகளை மட்டுமே ஏற்றனர். மாட்டு வண்டியிலும் கால்நடையாகவும் காடு காடாகச் சென்ற அப்பயணங்களில் தெஹ்மினாவும் உடன் சென்றார். வசதியான சூழலில் வளர்ந்த அப்பெண்மணி கூடாரத்தில் சமையலையும் முகாமையும் கவனித்ததோடு, கணவரின் எழுத்து நடையையும் செப்பனிட்டார். 1939 இல் சிறு அறுவைச் சிகிச்சையொன்றைத் தொடர்ந்து அவர் காலமானார். சலீம் அலி மறுமணம் செய்யவில்லை. சகோதரி கமூவின் வீட்டோடு தங்கிவிட்டார். இந்தியப் பறவைகள் பற்றிய அவருடைய கைந்நூல் 1941 இல் வெளிவந்தபோது அதைக் காண தெஹ்மினா இல்லை. பத்துத் தொகுதிகளாக 1968 முதல் 1974 வரை அமெரிக்கரான டில்லன் ரிப்ளியுடன் இணைந்து அவர் வெளியிட்ட பெருநூலில் இலங்கைப் பறவைகளும் அடங்குகின்றன. நம் தீவுக்கு மட்டுமே உரிய இனங்களையும் தேடுவோர் இன்றும் புரட்டும் நூல் அது.

பறவையைத் தூது விடும் கற்பனை நம் இரு மரபுகளுக்கும் பொதுவானது. தென்திசைக் குமரியாடி வடதிசைக்கு மீளும் நாரையிடம் தம் மனைவிக்குச் செய்தி சொல்லியனுப்பினார் சத்திமுத்தப் புலவர். நாரை தெற்கே வந்து வடக்கே திரும்பும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. நபி சுலைமான் அலைஹிஸ்ஸலாம் அவர்களுக்கு ஸபா நாட்டிலிருந்து செய்தி கொண்டு வந்ததாகத் திருக்குர்ஆன் கூறும் ஹுத்ஹுத், நம் ஊர்க் கொண்டலாத்தி. சலீம் அலி மாட்டிய வளையமும் ஒரு வகைத் தூதுதான். அதில் ஓர் எண் இருக்கும்; கண்டெடுப்பவர் பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கத்துக்குத் தெரிவிக்க வேண்டுமென்ற வேண்டுகோளும் ஆங்கிலத்தில் பொறிக்கப்பட்டிருக்கும். அவ்வளவே.

1920 களில் தார் சமஸ்தானத்தில் சங்கம் சிறு அளவில் வளையமிட்டதுண்டு. அது தொடரவில்லை. பெரும் பணிக்கு வழி திறந்தது ஒரு நோய். 1957 இல் இன்றைய கர்நாடகத்தின் சிமோகா மாவட்டத்தில் கியாசனூர்க் காட்டில் குரங்குகள் இறந்து விழுந்தன. அயலூர் மக்களும் காய்ச்சலில் மாண்டனர். உண்ணிகளால் பரவும் அந்நோயின் கிருமி, ரஷ்யப் பகுதிகளில் அறியப்பட்ட கிருமிகளுக்கு உறவானது எனக் கண்டறியப்பட்டதும், சைபீரியாவிலிருந்து வரும் பறவைகள் உண்ணிகளைச் சுமந்து வந்தனவா என்ற ஐயம் எழுந்தது. விடை காணப் பறவைகளைப் பிடிக்க வேண்டும். பல ஆண்டுகளாகப் பணம் தேடிக்கொண்டிருந்த சலீம் அலி இவ்வாய்ப்பை விடவில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் உதவியுடன் 1959 இல் சங்கத்தின் வலசை ஆய்வு தொடங்கியது. வலசைப் பறவைகள்தாம் நோயைக் கொணர்ந்தன என்பதற்கு உறுதியான சான்று கிட்டவில்லை. வளையமிடுதல் மட்டும் நிலைத்துவிட்டது.

பறவை பிடிக்கத் தெரிந்தவர்கள் வேண்டுமல்லவா? சலீம் அலி பீகாருக்கு ஆள் அனுப்பினார். மிர்ஷிகார் என்று அழைக்கப்படும் முஸ்லிம் வேடர்கள் தலைமுறை தலைமுறையாகச் சந்தைக்குப் பறவை பிடித்து விற்று வாழ்ந்தவர்கள். கண்ணி, மூங்கில் தடி, மடக்கு வலை, பறவையின் குரலைத் தம் வாயாலேயே எழுப்பும் திறன் ஆகியனவே அவர்கள் சொத்து. அவர்களைச் சங்கத்தில் சேர்த்து, சம்பளம் கொடுத்து, உயிருக்கும் இறகுக்கும் கேடின்றிப் பிடித்து விடும் பணியில் ஈடுபடுத்தினார். அவர்களுள் அலி ஹுஸைன் என்பவர் பறவையியலாளர் மத்தியில் பெரும் பெயர் பெற்றார். எழுத்தறிவு குறைந்த வேடர்களின் கைத்திறனை ஆய்வு மாணவரின் பட்டத்துக்குச் சமமாக மதித்தது சலீம் அலியின் செயல்களுள் எனக்கு மிகப் பிடித்தது. பட்டமில்லாமல் வாசலில் நின்றவருக்கு அது இயல்பாக வந்திருக்கலாம்.

ஒக்டோபர் மாதத்தில் கோடியக்கரையில் வளையமிடும் நாள் இருள் விலகுமுன் தொடங்கும். கருநிற நைலோன் நூலால், தலைமயிரளவு மெலிதாகப் பின்னப்பட்ட வலைகளைக் காட்டுப் பாதைகளின் குறுக்கே கம்புகளில் கட்டி விரிப்பார்கள். மரநிழலில் அவ்வலை மனிதர் கண்ணுக்கே தெரியாது. பறந்து வரும் குருவி வலையில் மோதிக் கீழுள்ள பை போன்ற மடிப்பில் விழும். அரை மணிக்கொருமுறையேனும் வலைகளைச் சுற்றிப் பார்க்க வேண்டும். வெயில் ஏறினால், மழை தொடங்கினால், உடனே சுருட்டிவிட வேண்டும். நூலில் சிக்கிய காலையும் சிறகையும் விடுவிப்பதில்தான் அனுபவம் தெரியும். அவசரப்பட்டால் கால் முறியும். பின்னர் ஒவ்வொரு பறவையும் துணிப் பையொன்றில் இடப்பட்டு மேசைக்கு வரும். இருட்டான பையில் அது அமைதியாகக் கிடக்கும்.

மேசையில் முதல் வேலை இனத்தைத் தீர்மானிப்பது. நாணற் கதிர்க்குருவிகளில் அது எளிதன்று. அடுத்து, காலின் பருமனுக்கேற்ற வளையத்தைத் தெரிந்து, அதற்கென்றே செய்த குறட்டினால் அழுத்தி மூடுவார்கள். வளையம் காலில் சுழல வேண்டும். கழன்று விழவும் கூடாது, தோலை உரசவும் கூடாது. பின் சிறகு, அலகு, கால் ஆகியவற்றின் நீளமும் நிறையும் அளக்கப்படும். எந்தச் சிறகு உதிர்ந்து எது முளைக்கிறது என்று விரித்துப் பார்ப்பார்கள். மார்புக் குழியில் உள்ள இறகை ஊதி விலக்கினால் தோலுக்கடியில் மஞ்சளாகக் கொழுப்புத் தெரியும். கடல் கடக்கப் பறவை சேர்த்து வைத்த எரிபொருள் அது. எல்லாம் பேரேட்டில் ஏறியதும் உள்ளங்கை விரியும், பறவை போய்விடும். ஆறுமணிக் குருவியும் நாகணவாய் இனங்களும் ஈப்பிடிப்பான்களும் காட்டு வலையில் விழும் பறவைகள். மாலையானதும் ஆட்கள் சேற்று நிலத்துக்குப் போவார்கள். உள்ளானும் உப்புக்கொத்தியும் பகலில் வலையைக் கண்டு விலகிவிடும். நிலவில்லாத இரவே அவற்றுக்கு ஏற்றது. முழங்கால் சேற்றில், விளக்கொளியில், 20 கிராம் அளவேயுள்ள சிறு உள்ளானைக் கையிலெடுப்பார்கள். அது முட்டையிட்டது வடதுருவத்தை அண்டிய உறைபனி வெளியில் என்பதை முதன்முறை அறிபவர் சற்று வாயடைத்துத்தான் போவார்.

இத்தனை உழைப்புக்கும் கிடைப்பது பெரும்பாலும் மௌனமே. சிறு பறவைகளில் நூற்றுக்கு வளையமிட்டால் ஒன்றைப் பற்றிய செய்தி வருவதுகூட அரிது. அந்த ஒன்றும், எங்கோ ஒரு வேட்டைக்காரரோ மீனவரோ ஆசிரியரோ வளையத்தைக் கண்டு, வாசித்து, முத்திரை ஒட்டி அனுப்ப மனம் வைத்தால்தான். பரத்பூரில் வளையமிட்ட வாத்துகள் பற்றி அன்றைய சோவியத் நாட்டிலிருந்து கடிதங்கள் வந்தன. பனிப்போர்க் காலத்து எல்லைகளை அவை பொருட்படுத்தவில்லை.

பனிப்போர் ஆய்வாளர்களை விட்டுவைக்கவில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் உதவிக்குப் பின்னர், 1960 களில் பணம் அமெரிக்க இராணுவத்தின் மருத்துவ ஆய்வுப் பிரிவுகளோடு தொடர்புடைய ஆசிய வலசைத் திட்டமொன்றிலிருந்து வந்தது. இணையாசிரியரான ரிப்ளி, இரண்டாம் உலகப் போரின்போது இலங்கையில் இருந்தபடி அமெரிக்க உளவுச் சேவைக்குப் பணியாற்றியவர். நோய்க்கிருமியைப் பறவை மூலம் பரப்பும் போர்முறைக்கான ஆய்வா இது என்று இந்தியப் பத்திரிகைகள் கேட்டன. 1970 களின் நடுப்பகுதியில் பாராளுமன்றக் குழுவும் ஆராய்ந்தது. சலீம் அலி மனம் நொந்தார். தம் பணியில் ஒளிவுமறைவில்லை, பெறுபேறுகள் யாவும் வெளியிடப்படுகின்றன என்பதே அவர் நிலைப்பாடு. அவருடைய நேர்மையை ஐயுறக் காரணமில்லை. ஆனால் கேள்வி கேட்டவர்கள் தவறு செய்தார்கள் என்றும் சொல்ல முடியாது. பறவை எவ்வழியே வருகிறது என்பதை அறிய ஓர் இராணுவம் ஏன் பணம் கொடுக்கிறது என்று கேட்பது குடிமக்களின் உரிமை. சொந்த நாட்டு அரசு முன்பே சிறு தொகையை ஒதுக்கியிருந்தால் இந்தச் சங்கடம் நேர்ந்திராது.

1960 களிலேயே கோடியக்கரையின் அருமையை சலீம் அலி இனங்கண்டு கூறியிருந்தார்; 1967 ஜூனில் அது சரணாலயமாயிற்று. 1980 இல் அங்கும் பரத்பூரிலும் சங்கம் நீண்டகால வலசை ஆய்வொன்றைத் தொடங்கியபோது அவருக்கு வயது 83. அதில் பயின்ற இளைஞர்கள் பலர் பின்னாளில் தென்னிந்தியாவின் முன்னணிப் பறவையியலாளராயினர். அதே 1980 களில் அக்கரையின் பெயர் நமக்கு வேறு காரணங்களுக்காகப் பழக்கமாயிற்று. 1983 க்குப் பின் அகதிகளும் ஆயுதமேந்திய இளைஞரும் அக்கடலைக் கடந்தனர். கடற்படைகள் காவல் நின்றன. அங்கே வளையமிட்டு விட்ட பறவைகள் இங்கே வந்திறங்கிய காலத்தில், வளையத்தைப் பார்க்கத் தொண்டைமானாற்றுக்கோ சுண்டிக்குளத்துக்கோ எவரும் தொலைநோக்கியோடு போயிருக்க முடியாது. தொலைநோக்கி வைத்திருப்பதே ஆபத்து. ஒரு கடலின் இரு கரைகளில் ஒன்று மட்டும் குறிப்பேட்டோடு விழித்திருந்தது.

வளையம் வெளிப்படுத்திய உண்மைகளுள் முதன்மையானது, பறவையின் இடப்பற்று. ஆயிரக்கணக்கான கிலோமீற்றர் சென்று வந்த உள்ளான் மறு ஆண்டும் அதற்கடுத்த ஆண்டும் அதே சேற்று மேட்டில் பிடிபடுகிறது. இதை எழுதும்போது வேறொரு நினைவு குறுக்கிடுவதைத் தவிர்க்க இயலவில்லை. 1990 ஒக்டோபர் இறுதியில், வலசைப் பறவைகள் நம் களப்புகளில் வந்து சேரும் நாட்களில், யாழ்ப்பாணத்து முஸ்லிம்கள் சில மணிநேர அவகாசத்தில் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். சோனகத் தெருவில் பிறந்தவர்களுள், 2009 க்குப் பின்னரும் திரும்பி வந்து நிலையாகக் குடியமர முடிந்தோர் ஒரு பகுதியினரே.

சலீம் அலியின் கருத்துகள் யாவும் சரியாயிருந்தன என்று கூறுவது அவருக்கே பொருந்தாது. பரத்பூர் நீர்நிலையை வயலாக்கும் முயற்சிகளிலிருந்து காத்தவர்களுள் அவர் முதல்வர். கேரளத்தின் அமைதிப் பள்ளத்தாக்கை அணைக்கட்டிலிருந்து காத்ததிலும் அவருக்குப் பங்குண்டு. ஆனால் பரத்பூரில் எருமை மேய்ச்சலைத் தடை செய்ய வேண்டுமென்ற நிலைப்பாட்டையும் அவர் ஆதரித்தார். 1982 இல் தடை வந்தது. எதிர்த்த கிராமத்தவர் மீது பொலிஸார் சுட்டதில் உயிர்கள் பலியாயின. பின்னர் நடந்தது எவரும் எதிர்பாராதது. மேய எருமையின்றிப் புல் நீரை மூடி வளர்ந்தது. பறவைகளுக்கு நீர்ப்பரப்புச் சுருங்கியது. இதைக் கண்டறிந்து வெளியிட்டது வேறெவருமல்லர், அவர் வளர்த்த சங்கத்தின் சொந்த ஆய்வாளர்களே. களப்பையும் கரையையும் காக்கும் திட்டம் வகுப்போர், அங்கே மாடு மேய்ப்பவரையும் இறால் பிடிப்பவரையும் முதலில் விசாரித்துக்கொள்வது நல்லது.

1958 இல் பத்மபூஷண், 1976 இல் பத்மவிபூஷண், 1985 இல் மாநிலங்களவை நியமன உறுப்புரிமை எனக் கௌரவங்கள் வந்தன. பெரும் பரிசுத் தொகையொன்றை இயற்கைப் பாதுகாப்பு நிதியாக்கினார். மோட்டார் சைக்கிள் ஒன்றே அவருடைய ஆடம்பரம். 1950 இல் சுவீடனில் நடந்த பறவையியல் மாநாட்டுக்குத் தம் வண்டியைக் கப்பலேற்றிச் சென்று ஐரோப்பாவில் ஓட்டித் திரிந்தார். 1987 ஜூன் 20 ஆம் திகதி, 90 வயதில், பம்பாயில் காலமானார். மூன்றாண்டுகளின் பின் கோயம்புத்தூரில் அவர் பெயரால் பறவையியல் ஆய்வு மையம் நிறுவப்பட்டது. மேற்குத் தொடர்ச்சி மலையின் அரிய பழந்தின்னி வௌவால் ஒன்றும் அவர் பெயரைத் தாங்கியுள்ளது.

கோடியக்கரையில் இன்றும் வளையமிடுகிறார்கள். ஆனால் உப்பளங்கள் பெருகிய பின் அங்கு வரும் கரைப்பறவைகள் 1980 களின் தொடக்கத்தோடு ஒப்பிடக் குறைந்துவிட்டன என்பதை அறிய முடிவதும், அன்றே கணக்கெழுதி வைத்ததனால்தான். நம் பக்கத்தில் அத்தகைய பழைய கணக்கு இல்லை. தேசிய வளையமிடும் திட்டம் 2005 இல் தெற்கே புந்தலவில்தான் தொடங்கியது. வடக்கில், 2021 இல் மன்னாரில் செய்மதிக் கருவி பொருத்தப்பட்ட கடற்காகம் ஒன்று ரஷ்யாவின் ஆர்க்டிக் கரை வரை சென்றதைக் கொழும்புப் பல்கலைக்கழக ஆய்வாளர் பதிவு செய்தனர். மன்னார்க் காற்றாலைகள் பறவைப் பாதையை மறிக்கின்றனவா என்ற வழக்கு 2024 இல் உயர் நீதிமன்றத்துக்குச் சென்றபோது, பறவைகள் உண்மையில் எங்கே, எந்த உயரத்தில், எந்த மாதத்தில் பறக்கின்றன என்பதே விவாதப் பொருளாயிற்று. அந்தத் திட்டத்தை இந்திய நிறுவனம் 2025 இல் கைவிட்டது. கேள்வி கைவிடப்படவில்லை; பூநகரிக்கும் குடாநாட்டுக்கும் வேறு திட்டங்கள் வரும்.

மண்டைதீவிலோ அராலியிலோ சரசாலைக் குருவிக்காட்டிலோ வளையம் அணிந்த பறவையைக் காண்போர் செய்யக்கூடியது சிறிது உண்டு. உயிருள்ள பறவையின் வளையத்தைக் கழற்றக் கூடாது. எண்ணையும் எழுத்தையும் குறித்துக்கொண்டு, இயன்றால் காலைத் தெளிவாகப் படமெடுத்து, விட்டுவிட வேண்டும். காலில் நிறக்கொடி மாட்டியிருந்தால் மேலே எந்த நிறம், கீழே எந்த நிறம், எந்தக் காலில் என்பதை எழுத வேண்டும். வலையில் சிக்கியோ மோதியோ இறந்திருந்தால் வளையத்தைப் பத்திரப்படுத்தலாம். நாளும் இடமும் சேர்த்து, வளையத்திலுள்ள முகவரிக்கோ வனசீவராசிகள் திணைக்களத்துக்கோ தெரிவித்தால் போதும். அப்பறவை எங்கே, எந்த நாளில் வளையமிடப்பட்டது என்ற விபரம் கண்டவருக்குத் திரும்பி வரும்.